லிஸ்ப் எழுத எடிட்டரைத் தயார் செய்வது எப்படி?

லிஸ்ப் கற்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எந்த எடிட்டரில் எழுதுவது?" என்றுதான். பைத்தான் என்றால் "கையில் இருப்பதில் எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். லிஸ்ப்புக்கு அப்படிச் சொல்ல மனசு வராது. நோட்பேடிலும் எழுதலாம், ஓடவும் செய்யும். ஆனால் இந்த மொழியில் வேலை செய்வதன் சுகம் பாதிக்கு மேல் கிடைக்காமல் போய்விடும். அடைப்புக்குறிகளை எண்ணி எண்ணிச் சலித்து, "இதற்கா இத்தனை பேச்சு?" என்று மூடி வைத்துவிடுவார்கள்.

லிஸ்ப்புக்கான எடிட்டர் இரண்டு வேலைகளைச் செய்து தர வேண்டும். அடைப்புக்குறிகளை அது பார்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம், ஓடிக்கொண்டிருக்கிற லிஸ்ப்போடு நம்மை எப்போதும் இணைத்து வைத்திருக்க வேண்டும். முதலாவதைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் உயிர். அது புரிந்துவிட்டால், எந்த எடிட்டரை எடுத்தாலும் அதில் எதைத் தேட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

தொடங்கும் முன் ஒரு குறிப்பு. ஆணைகளின் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்க வேண்டும்.

ஓடிக்கொண்டே இருக்கும் லிஸ்ப்

லிஸ்ப் என்பது ஒரே மொழி இல்லை, ஒரு குடும்பம். 1958-இல் எம்ஐடியில் ஜான் மெக்கார்த்தி தொடங்கிவைத்தார். இன்று அந்தக் குடும்பத்தில் காமன் லிஸ்ப், ஸ்கீம், ராக்கெட், குளோஜர், எமாக்ஸ் லிஸ்ப் எனப் பல கிளைகள். மெக்கார்த்தி ஒரு லிஸ்ப் கோவையை (அடைப்புக்குறிகளுக்குள் எழுதும் ஒரு முழுத் துண்டை) மதிப்பிடுவது எப்படி என்பதை லிஸ்ப்பிலேயே ஒரு ஃபங்ஷனாகத் தாளில் எழுதிக் காட்டினார். அவருடைய குழுவில் இருந்த ஸ்டீவ் ரஸ்ஸல், "இதை அப்படியே மெஷினில் ஏற்றிவிடலாமே" என்று ஐபிஎம் 704 கணினியில் எழுதி ஓடவைத்துவிட்டார். தாளில் இருந்த கோட்பாடு அப்படித்தான் நிஜமான இன்டர்பிரட்டர் ஆனது.

அந்த வழியில் வந்த பழக்கம்தான் ரெப்பல் என்பது. நீங்கள் அடிப்பதைப் படிக்கும், மதிப்பிடும், விடையை அச்சிடும், மறுபடி காத்திருக்கும். பைத்தானிலும் இது உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் அங்கே அது சின்னச் சின்னச் சோதனைகளுக்கான இடம். நிஜ வேலை கோப்பில் நடக்கும்: எழுதி, சேமித்து, முழுவதையும் முதலிலிருந்து ஓட்டிப் பார்ப்போம். ஓடி முடித்ததும் நினைவகத்தில் இருந்ததெல்லாம் காலி.

காமன் லிஸ்ப்பில் காலையில் ஒரு லிஸ்ப் பிராசஸைத் தொடங்கினால் அது மாலை வரை ஓடிக்கொண்டே இருக்கும். கோப்பில் ஒரு ஃபங்ஷனைத் திருத்தினால் அந்த ஒன்றை மட்டும் அதற்கு அனுப்புவோம். அதன் நினைவகத்தில் பழைய ஃபங்ஷன் போய்ப் புதியது வந்து உட்காரும். மற்றவை எல்லாம், ஏற்றிவைத்த தரவு உட்பட, அப்படியே இருக்கும். குழம்பு அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும்போதே உப்பு பார்த்துப் போடுவது மாதிரி. இறக்கிவைத்து, கொட்டிவிட்டு, மறுபடி முதலிலிருந்து கூட்டி வைக்க வேண்டியதில்லை.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1999-இல் நாசாவின் டீப் ஸ்பேஸ் 1 விண்கலத்தில் நடந்ததைச் சொல்வார்கள். அதில் ரிமோட் ஏஜென்ட் என்ற தன்னியக்க மென்பொருளைச் சில நாட்கள் ஓடவிட்டுச் சோதித்தார்கள். எழுதப்பட்டது காமன் லிஸ்ப்பில். சோதனையின் நடுவே இரண்டு பணிகள் ஒன்றுக்கொன்று காத்துக்கொண்டு நின்றுவிட்டன. கலமோ பூமியிலிருந்து கோடிக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில். ஓடுகிற மென்பொருளையே கேள்வி கேட்க அங்கேயும் ஒரு ரெப்பல் இருந்தது, கோளாறைக் கண்டுபிடிக்கக் கை கொடுத்தது.

நமக்கு விண்கலம் வேண்டாம். கோப்பிலிருந்து ஒரு ஃபங்ஷனை ஒரே அழுத்தலில் ஓடுகிற லிஸ்ப்புக்கு அனுப்பினால் போதும். காப்பி எடுத்து ரெப்பலில் ஒட்டிக்கொண்டிருந்தால் அரை மணியில் வெறுத்துவிடும். எடிட்டர் அமைப்பு என்று இங்கே சொல்வது அடிப்படையில் இந்த ஒரே அழுத்தலைத்தான்.

எதை நிறுவுவது?

நான் பரிந்துரைப்பது மூன்று: எமாக்ஸ், எஸ்பிசிஎல், ஸ்லை. எமாக்ஸ் எடிட்டர். எஸ்பிசிஎல் காமன் லிஸ்ப் கம்பைலர். 1999-இல் சிஎம்யூசிஎல் என்ற பழைய கம்பைலரிலிருந்து பிரிந்து வந்தது, இலவசம், வேகமானது. ஸ்லை இவை இரண்டையும் இணைக்கும் பாலம். இதற்கு முன்னோடி 2003-இல் உருவான ஸ்லைம். அதுவும் நன்றாகவே வேலை செய்யும், இன்றும் நிறையப் பேர் அதில்தான் இருக்கிறார்கள். அதிலிருந்து கிளைத்த ஸ்லையில் தொடக்கத்தில் செய்ய வேண்டிய அமைப்பு கொஞ்சம் குறைவு. சாவிகள் பெரும்பாலும் ஒன்றேதான்.

ஏன் எமாக்ஸ்? அது பழையது, சாவிகள் விநோதமானவை, முதல் வாரம் எரிச்சலூட்டும். எதையும் மறுக்கவில்லை. ஆனால் 1985-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வெளியிட்ட குனூ எமாக்ஸின் பெரும் பகுதி லிஸ்ப்பிலேயே எழுதப்பட்டது. நாற்பது ஆண்டுகளாக லிஸ்ப் எழுதுகிறவர்கள் தங்கள் வசதிக்கு அதை இழைத்திருக்கிறார்கள். வேறெங்கும் இந்த அளவு பழுத்த ஏற்பாடு கிடையாது.

ஏற்கனவே விஎஸ் கோடில் பழகிவிட்டீர்கள், மாற மனசில்லை என்றால், காமன் லிஸ்ப்புக்கு அலைவ் என்ற நீட்சியும் குளோஜருக்கு கால்வாவும் இருக்கின்றன. விம்காரர்களுக்கு விலைம், ஸ்லிம்வி உண்டு. ஸ்கீம் அல்லது ராக்கெட் கற்கிறவர்கள் டாக்டர்ராக்கெட்டை நிறுவினால் வேறு எதுவுமே வேண்டாம், எல்லாம் ஒரே பொட்டலத்தில் வந்துவிடும். மற்றவர்கள் தொடர்ந்து படியுங்கள்.

உபுண்டு, டெபியனில் ஆப்ட் கட்டளையாலேயே எமாக்ஸையும் எஸ்பிசிஎல்லையும் நிறுவலாம். மேக்கில் ஹோம்புரூ. விண்டோஸில் இரண்டுக்கும் தனித்தனி இன்ஸ்டாலர்கள் அவரவர் தளங்களில் உள்ளன. எமாக்ஸ் பதிப்பு 28-க்குக் கீழே இருக்க வேண்டாம். உபுண்டு 22.04-இன் களஞ்சியத்தில் 27 தான் இருக்கிறது, 24.04-இல் 29. பதிப்பு 28 முதல், ஸ்லை இருக்கும் நான்-குனூ எல்பா என்ற களஞ்சியத்தை எமாக்ஸ் தானாகவே தேடும். அதற்கு முந்தைய பதிப்பில் களஞ்சிய முகவரியை நீங்களே சேர்க்க வேண்டிவரும். புதியவருக்கு அந்தத் தலைவலி எதற்கு?

நிறுவியதும் டெர்மினலைத் திறந்து எஸ்பிசிஎல் என்று அடித்துப் பாருங்கள். நட்சத்திரக் குறியோடு ஒரு வரி காத்து நிற்கும். (+ 1 2) என்று கொடுத்தால் 3 வரும். வந்தால் கம்பைலர் சரி. மேலே போகலாம்.

எமாக்ஸில் முதல் பத்து நிமிடம்

எமாக்ஸைத் திறந்ததும் பயம் வரும் என்பதால், தப்பிக்கும் வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். எதையாவது அழுத்தி எங்காவது மாட்டிக்கொண்டால் கன்ட்ரோல்-ஜி. நடந்துகொண்டிருப்பதை அது கைவிட வைக்கும். தேவைப்பட்டால் இரண்டு மூன்று முறை அழுத்துங்கள். கோப்பைத் திறக்க கன்ட்ரோல்-எக்ஸ் கன்ட்ரோல்-எஃப், சேமிக்க கன்ட்ரோல்-எக்ஸ் கன்ட்ரோல்-எஸ், திரை இரண்டாகப் பிரிந்திருக்கும்போது அடுத்த பகுதிக்குத் தாவ கன்ட்ரோல்-எக்ஸ் அழுத்தி விட்டுவிட்டு ஓ. ஆவணங்களில் எம் என்று போட்டிருந்தால் அது மெட்டா சாவி, உங்கள் கீபோர்டில் ஆல்ட். ஆல்ட்-எக்ஸ் அழுத்தினால் கீழே ஒரு வரி திறக்கும். எமாக்ஸின் எந்த ஆணையையும் அங்கே பெயர் சொல்லிக் கூப்பிடலாம். இவை போதும். மற்ற நூற்றுக்கணக்கான சாவிகள் வருகிறபோது வரட்டும்.

எமாக்ஸ் திறக்கும்போதே ஸ்க்ராட்ச் என்ற பக்கம் ஒன்று இருக்கும். அங்கே (* 6 7) என்று எழுதி, கர்சரைக் கடைசி அடைப்புக்குறிக்குப் பின்னால் வைத்து கன்ட்ரோல்-ஜே அழுத்துங்கள். அடுத்த வரியில் 42. இன்னும் எந்த நீட்சியும் நிறுவவில்லை, ஆனால் எழுதிய இடத்திலேயே லிஸ்ப் ஓடிவிட்டது. இங்கே ஓடுவது எமாக்ஸ் லிஸ்ப், காமன் லிஸ்ப் அல்ல. (/ 7 2) என்று கேட்டால் வித்தியாசம் தெரியும். எமாக்ஸ் லிஸ்ப் 3 என்று மீதியை வெட்டிவிடும். எஸ்பிசிஎல் 7/2 என்று பின்னமாகவே வைத்துக்கொள்ளும்.

இப்போது ஸ்லை. ஆல்ட்-எக்ஸ் அழுத்தி, பேக்கேஜ்-இன்ஸ்டால் என்று கொடுத்து, பெயர் கேட்கும்போது ஸ்லை என்று அடியுங்கள். இறக்கி நிறுவிக்கொள்ளும். அடுத்து, லிஸ்ப் கம்பைலரின் பெயரை எமாக்ஸுக்குச் சொல்ல வேண்டும். உங்கள் முகப்பு அடைவில் புள்ளி-எமாக்ஸ்-புள்ளி-டி என்ற மறைந்த அடைவு இருக்கும். அதற்குள் இனிட்-புள்ளி-இஎல் என்ற கோப்பைத் திறந்து (இல்லையென்றால் உருவாக்கி) இந்த இரண்டு வரிகளை எழுதுங்கள்:

(செட்க்யூ இன்ஃபீரியர்-லிஸ்ப்-புரோகிராம் "எஸ்பிசிஎல்")
(எலெக்ட்ரிக்-பேர்-மோட் 1)

செட்க்யூ என்பதை எஸ், இ, டி, க்யூ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளில் அடியுங்கள். முதல் வரி, எந்த லிஸ்ப்பை ஓட்ட வேண்டும் என்பது. இரண்டாவது, ஓர் அடைப்புக்குறியைத் திறந்ததும் மூடுகிற குறியையும் தானே போடச் சொல்வது. கவனித்தீர்களா, எமாக்ஸின் அமைப்புக் கோப்பே லிஸ்ப்தான். எடிட்டரை அமைக்கிறபோதே மொழியும் கைக்குப் பழகுகிறது.

எமாக்ஸை மூடித் திறந்து, ஆல்ட்-எக்ஸ், ஸ்லை. சில நொடிகளில் ஒரு ரெப்பல் பக்கம் வந்து நிற்கும். உள்ளே நடப்பது இதுதான். எமாக்ஸ் எஸ்பிசிஎல்லைத் தனி பிராசஸாகத் தொடங்குகிறது. அதற்குள் ஒரு சின்ன சர்வரை ஏற்றுகிறது. அந்த சர்வர் ஒரு நெட்வொர்க் போர்ட்டைத் திறக்க, எமாக்ஸ் அதோடு பேசத் தொடங்குகிறது. நெட்வொர்க் வழியே பேசுவதால், லிஸ்ப் வேறொரு கணினியில் ஓடினாலும் இதே எடிட்டரிலிருந்து அதைத் தொடலாம்.

"அப்படி ஒரு நிரலே இல்லை" என்று எமாக்ஸ் சொன்னால், எஸ்பிசிஎல் எங்கே இருக்கிறதென்று அதற்குத் தெரியவில்லை. மேக்கில் இது சகஜம். ஐகானைச் சொடுக்கித் திறக்கும் எமாக்ஸுக்கு, நிரல்களை எங்கே தேடுவது என்று சொல்லும் டெர்மினலின் பாத் பட்டியல் போய்ச் சேராது. மேலே உள்ள முதல் வரியில் வெறும் பெயருக்குப் பதிலாக முழு முகவரியையும் கொடுத்தால் தீர்ந்தது. விண்டோஸில் வேறொரு குழப்பம். அங்கே எமாக்ஸ் தன் முகப்பு அடைவாக எடுத்துக்கொள்வது பெரும்பாலும் ஆப்டேட்டாவுக்குள் இருக்கும் ரோமிங். அமைப்புக் கோப்பை வேறெங்கோ வைத்துவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று தேடுகிறவர்கள் உண்டு.

ஒரு ஃபங்ஷன், ஒரு பிழை

கடை-புள்ளி-லிஸ்ப் என்ற பெயரில் ஒரு கோப்பைத் திறங்கள். ஒரு பொருளின் விலையோடு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து மொத்தம் சொல்ல வேண்டும். இப்படி எழுதுவோம்:

(டீஃபன் மொத்தம் (விலை)
  (+ விலை (வரி விலை)))

டீஃபன் என்பதை டி, இ, எஃப், யு, என் என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளில் அடியுங்கள். மொத்தம், விலை, வரி ஆகியவற்றைத் தமிழிலேயே அடிக்கலாம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எஸ்பிசிஎல் யூனிகோட் பெயர்களை ஏற்றுக்கொள்ளும்.

கர்சர் இந்த ஃபங்ஷனுக்குள் எங்காவது இருக்கட்டும். கன்ட்ரோல்-சி கன்ட்ரோல்-சி. முன்பு சொன்ன அந்த ஒரே அழுத்தல் இதுதான். இந்த ஃபங்ஷன் மட்டும் லிஸ்ப்புக்குப் போய், கம்பைல் ஆகி, உட்கார்ந்துவிட்டது. ஆனால் வரி என்ற ஃபங்ஷனை நாம் இன்னும் எழுதவில்லை. கம்பைலர் அதைக் கண்டுகொண்டு, அந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை தரும். எச்சரிக்கைதான், தடை இல்லை.

கன்ட்ரோல்-சி கன்ட்ரோல்-இசட் அழுத்தினால் ரெப்பலுக்குப் போகலாம். அங்கே (மொத்தம் 500) என்று கேளுங்கள். வரி என்ற ஃபங்ஷன் இல்லை என்று சொல்லி ஒரு புதிய பக்கம் திறக்கும். புதியவர்கள் இந்த இடத்தில் பதறிப்போய் எல்லாவற்றையும் மூடிவிடுவார்கள். மூடாதீர்கள், ரசிக்க வேண்டிய இடமே இதுதான்.

அந்தப் பக்கத்தின் பெயர் டீபக்கர். மேலே பிழைச் செய்தி இருக்கும். அதற்குக் கீழே 0, 1, 2 என்று எண்ணிட்ட சில வரிகள். இவற்றுக்கு ரீஸ்டார்ட் என்று பெயர். இந்தப் பிழைக்கு எஸ்பிசிஎல் தருபவற்றில் முதலாவது, வரி ஃபங்ஷனை மறுபடி கூப்பிட்டுப் பார்ப்பது. அடுத்தது, அதற்குப் பதிலாக வேறு ஃபங்ஷனைக் கூப்பிடுவது. மூன்றாவது, விடையை நாமே கொடுத்துவிடுவது. அதற்கும் கீழே, கணக்கு எந்த ஃபங்ஷனுக்குள் நிற்கிறது என்ற வரிசை. நம் நிரல் செத்துப்போகவில்லை. 500 என்ற மதிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, வரியைக் கூப்பிட்ட அந்த இடத்திலேயே நின்று, என்ன செய்யட்டும் என்று கேட்கிறது.

கோப்புக்குத் திரும்பி, கீழே இதைச் சேருங்கள்:

(டீஃபன் வரி (விலை)
  (* விலை 18/100))

கன்ட்ரோல்-சி கன்ட்ரோல்-சி. இப்போது டீபக்கர் பக்கத்துக்கு வந்து 0 அழுத்துங்கள். பக்கம் மறைந்து ரெப்பலில் 590 வந்திருக்கும். கணக்கு முதலிலிருந்து ஓடவில்லை. நின்ற இடத்திலிருந்து, இப்போதுதான் பிறந்த ஃபங்ஷனைக் கூப்பிட்டுத் தொடர்ந்தது. வரி ஃபங்ஷனை எழுதவே சோம்பலாக இருந்தால், விடையை நாமே தரும் ரீஸ்டார்ட்டைத் தேர்ந்து 90 என்று கொடுத்திருக்கலாம். அப்போதும் 590 தான். எண்களின் வரிசை பதிப்புக்குப் பதிப்பு மாறலாம், அதனால் எண்ணுக்குப் பக்கத்தில் இருப்பதைப் படித்துவிட்டு அழுத்துங்கள். எதுவும் வேண்டாம், வெளியே போனால் போதும் என்றால் க்யூ.

500 ரூபாய்க்கு இது சின்ன விஷயமாகத் தெரியும். இரண்டு மணி நேரமாக ஒரு பெரிய தரவுக் கோப்பைப் படித்துக்கொண்டிருக்கும் நிரல், கடைசிப் பகுதியில் வந்து இப்படித் தடுக்கினால் யோசித்துப் பாருங்கள். பெரும்பாலான மொழிகளில் திருத்திவிட்டு இன்னொரு இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

ஆசைக்கு (மொத்தம் 499) என்றும் கேட்டுப் பாருங்கள். 29441/50 என்று வரும். 588 ரூபாய் 82 காசைத்தான் பின்னமாகச் சொல்கிறது. தசமப் புள்ளியில் உருட்டாமல் துல்லியமாக வைத்துக்கொள்வது இதன் பழக்கம், கடைக்கணக்குக்கு நல்லதுதான்.

ஸ்லை தரும் இன்னும் மூன்று வசதிகள் தினமும் கைகொடுக்கும். ஒரு பெயரின் மேல் கர்சரை வைத்து ஆல்ட்-புள்ளி அழுத்தினால், அது எழுதப்பட்ட இடத்துக்கே கூட்டிப்போகும், ஆல்ட்-கமா திரும்பக் கொண்டுவந்து விடும். ஃபங்ஷன் பெயரை அடித்து ஓர் இடைவெளி விட்டால், அது என்னென்ன உள்ளீடு கேட்கிறது என்று திரையின் அடியில் காட்டும். கன்ட்ரோல்-சி கன்ட்ரோல்-கே முழுக் கோப்பையும் கம்பைல் செய்து ஏற்றும். இவை எல்லாமே ஓடுகிற லிஸ்ப்பைக் கேட்டுச் சொல்பவை. கோப்பைப் பார்த்து ஊகிப்பவை அல்ல.

தமிழில் பெயர் வைப்பது

எமாக்ஸில் கன்ட்ரோல்-எச் அழுத்தி விட்டுவிட்டு எச் அழுத்தினால், உலக மொழிகளில் வணக்கம் சொல்லும் பக்கம் ஒன்று திறக்கும். அதில் நம் வணக்கமும் இருக்கிறது. எழுத்துகள் கட்டம் கட்டமாக இல்லாமல் ஒழுங்காகத் தெரிந்தால் உங்கள் எழுத்துரு சரி.

தமிழ் அடிக்க, கணினியின் கீபோர்டை மாற்றுவதைவிட எமாக்ஸின் சொந்த உள்ளீட்டு முறையைப் பயன்படுத்துங்கள். கன்ட்ரோலோடு பின்சாய்கோட்டை அழுத்தி, பெயர் கேட்கும்போது தமிழ்-ஐட்ரான்ஸ் அல்லது தமிழ்-இன்ஸ்கிரிப்ட் கொடுக்கலாம். மறுபடி அதையே அழுத்தினால் ஆங்கிலம். இதில் ஒரு நடைமுறை லாபம் உண்டு. கீபோர்டையே தமிழுக்கு மாற்றிவிட்டால் கன்ட்ரோல்-சி போன்ற சாவிகளை எமாக்ஸால் அடையாளம் காண முடியாமல் போகலாம். சொந்த உள்ளீட்டு முறையில் அந்தச் சாவிகள் அப்படியே வேலை செய்யும்.

ஆனால் பழகுவதற்குத் தமிழ்ப் பெயர்கள் சரி, நாலு பேரோடு பகிரும் நிரலுக்கு நான் வைக்கமாட்டேன். லிஸ்ப்பில் வரிகளின் உள்தள்ளல், முந்தைய வரியின் எழுத்துகள் எல்லாம் ஒரே அகலம் என்று நம்பி அமைகிறது. தமிழ் எழுத்துகள் அந்த ஒழுங்குக்குள் நிற்காது, வரிசை கோணலாகத் தெரியும். ஆங்கிலப் பெயர் வைத்தால் இன்னொன்றைக் கவனிப்பீர்கள். சிற்றெழுத்தில் நீங்கள் எழுதிய பெயரைப் பிழைச் செய்தியில் லிஸ்ப் பேரெழுத்தில் சொல்லும். பெயர்களைப் படிக்கும்போதே அப்படி மாற்றிக்கொள்வது காமன் லிஸ்ப்பின் வழக்கம். கோளாறு எதுவும் இல்லை.

அடைப்புக்குறிகள்

லிஸ்ப் எழுதிப் பழகியவர்கள் யாரும் அடைப்புக்குறிகளை எண்ணுவதில்லை. அவர்கள் படிப்பது உள்தள்ளலை. குறிகள் எடிட்டர் படிப்பதற்கு. குறிகளை வைத்து உள்தள்ளலை எடிட்டர் போடும், அதைப் பார்த்து நாம் அமைப்பைப் புரிந்துகொள்வோம். அதனால் ஸ்பேஸ் பாரைத் தட்டி நீங்களாக உள்தள்ளாதீர்கள். டேப் அழுத்துங்கள், வரி தன் இடத்துக்குப் போகும். நீங்கள் நினைத்த இடத்தில் போய் நிற்கவில்லையா? அதற்கு மேலே எங்கோ ஒரு குறி கூடவோ குறையவோ இருக்கிறது. ஆல்ட்-எக்ஸ் அழுத்தி செக்-பேரன்ஸ் என்று கொடுத்தால், ஜோடி சேராத குறியில் கொண்டுபோய் நிறுத்தும்.

சி, ஜாவா பழக்கத்தில் ஒவ்வொரு மூடும் குறியையும் தனித்தனி வரியில் போடத் தோன்றும். லிஸ்ப்பில் அது அவலட்சணம். எல்லாம் கடைசி வரியின் முடிவில் ஒன்றாகக் குவியட்டும். மேலே உள்ள மொத்தம் ஃபங்ஷனின் முடிவில் மூன்று சேர்ந்து இருக்கின்றன, பாருங்கள்.

எழுத்து எழுத்தாக நகர்வதற்குப் பதில் கோவை கோவையாக நகரப் பழகுங்கள். கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப் ஒரு முழுக் கோவையைத் தாண்டி முன்னே போகும், பி பின்னே வரும், கே அந்தக் கோவையையே வெட்டி எடுக்கும். இது கைவந்த பிறகு பேரடிட் என்ற நீட்சியைப் போடலாம். குறிகள் ஜோடி பிரியவே அது விடாது. ஒரு குறியை மட்டும் அழிக்க முயன்றால் அழிக்காமல் தாண்டிப் போய்விடும். பக்கத்தில் இருக்கும் கோவையை உள்ளே இழுத்துக்கொள்ளவும் வெளியே தள்ளவும் தனிச் சாவிகள் உண்டு. முதல் நாளே போட்டால், "கீபோர்டு கெட்டுப்போச்சா?" என்று தோன்றும். அதனால்தான் தொடக்கத்துக்கு எலெக்ட்ரிக்-பேர் போதும் என்றேன்.

ஓடும் லிஸ்ப் வைக்கும் பொறி

லிஸ்ப் நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருப்பதில் ஒரு தொல்லையும் இருக்கிறது. கோப்பில் இருப்பதும் லிஸ்ப்பின் நினைவகத்தில் இருப்பதும் மெல்ல மெல்ல விலகிப் போகும்.

வரி என்ற ஃபங்ஷனின் பெயரைக் கோப்பில் ஜிஎஸ்டி என்று மாற்றி, அதை அனுப்பிவிட்டீர்கள். மொத்தம் ஃபங்ஷனில் மாற்ற மறந்துவிட்டீர்கள். எந்தப் பிழையும் வராது. ஏனென்றால் பழைய வரி, கோப்பிலிருந்து போனாலும் நினைவகத்தில் உயிரோடுதான் இருக்கிறது. எல்லாம் சரியாக ஓடும். நாளைக் காலை கணினியைத் திறந்து கோப்பை ஏற்றினால்தான் குட்டு வெளிப்படும். ரெப்பலில் நேரடியாக அடித்து வைத்த ஃபங்ஷன்களும் இப்படியே. மூடியதும் போய்விடும். ஆகவே வைத்துக்கொள்ள வேண்டிய எதையும் கோப்பில் எழுதி அங்கிருந்து அனுப்புங்கள். ரெப்பல் கேள்வி கேட்க மட்டும்.

மாறிகளிலும் ஒரு நுணுக்கம் உண்டு. டெஃப்வார் கொண்டு அறிவித்த மாறியின் மதிப்பைக் கோப்பில் திருத்தி கன்ட்ரோல்-சி கன்ட்ரோல்-சி அழுத்தினால், மதிப்பு மாறாது. ஏற்கனவே மதிப்பு இருந்தால் தொடாதே என்பதுதான் டெஃப்வாரின் பொருள். ஏற்றிவைத்த தரவு தவறுதலாக அழியாமல் இருக்க வேண்டும் என்பதற்காக வந்த ஏற்பாடு. மாற்றியே ஆக வேண்டுமென்றால் கர்சரை அங்கே வைத்து கன்ட்ரோல்-ஆல்ட்-எக்ஸ் அழுத்துங்கள். அடிக்கடி மாற்றுகிற மதிப்பு என்றால் டெஃப்பாராமீட்டர் என்று அறிவித்துவிடுவது நல்லது, அது ஒவ்வொரு முறையும் புது மதிப்பையே எடுத்துக்கொள்ளும்.

விலகல் இருக்கிறதோ என்று சந்தேகம் வந்தால், அல்லது வேலையை முடித்து எழும் முன், ஆல்ட்-எக்ஸ் அழுத்தி ஸ்லை-ரீஸ்டார்ட்-இன்ஃபீரியர்-லிஸ்ப் கொடுங்கள். எமாக்ஸ் அப்படியே இருக்க, லிஸ்ப் மட்டும் செத்துப் புதிதாகப் பிறக்கும். பிறகு கோப்புக்கு வந்து கன்ட்ரோல்-சி கன்ட்ரோல்-கே. கோப்பில் உண்மையில் என்ன இருக்கிறதோ அது மட்டும் ஏறும். விடுபட்ட பெயர்கள் இருந்தால் எச்சரிக்கைப் பட்டியலில் வரிசையாக வந்து நிற்கும்.